மழை பெய்தால் மைதானம்

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள இறப்பர்த் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் கண்மூடிய எங்கள் அப்பா எம்மைப் பிரிந்து ஓராண்டாகிறது. சோகமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவரை நினைத்தாலே சிரிப்பு வந்துவிடுகிறது.

சிறுவயதில் பெற்றோரை இழந்த அப்பாவை, அவருடைய அக்காமாரான எங்கள் அத்தைமார் இருவரும் தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டி, இரத்தினபுரியில் படிக்க வைத்தார்கள். அங்கே கல்லூரி உதைபந்தாட்ட அணியில் ஆடினார். படிப்பைவிடப் பந்தில்தான் கெட்டிக்காரர் என்று அத்தைமார் இன்றும் கேலி செய்வார்கள். தோட்டக் கந்தோரில் கிளாக்கராகத் திரும்பிய கையோடு, பால் வெட்டும் இளைஞர்களைச் சேர்த்து அணியொன்றை அமைத்துப் பயிற்றுவிப்பாளரானார்.

மழை பெய்தால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. ஆகவே மழை நாள்தான் பயிற்சி நாள். அன்றெல்லாம் எங்கள் வாசல் முழுக்கச் சேறு, அம்மாவின் வாய் முழுக்க ஏச்சு.

தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரை, அணி பயிற்சி செய்யும் மைதானத்தில் இறப்பர்க் கன்று நடப்போவதாகச் சொன்னார். அப்பா விடாமல் கெஞ்சியதால், தோட்டங்களுக்கிடையிலான அந்த வருடக் கிண்ணத்தை வென்றால் மைதானத்தை விட்டுவிடுவதாகத் துரை இணங்கினார். இறுதிப் போட்டியன்று சுள்ளென்று வெயில். சேற்றில் ஆடிப் பழகிய நம்மவர்கள் காய்ந்த தரையிலும் அதே பலத்தில் உதைத்தார்கள். பந்து கோல் கம்பத்துக்கு மேலால் பறந்து பக்கத்து வீட்டுக் கூரையில் விழுந்தது. ஒரு கோலால் தோற்றோம்.

மறுநாள் அப்பா துரை முன்னால் போய் நின்றதை, கந்தோரில் கூட இருந்த சித்தப்பா இன்றும் நடித்துக் காட்டுவார். துரையோடு எப்போதும் சிங்களத்தில் பேசுபவர் அன்று தமிழிலேயே சொன்னாராம்: “நாங்க வெயில்ல ஒரு நாளும் ஆடுனதே இல்லைங்க, துரை. அதான் தோத்துட்டோம். ஞாயித்துக்கெழமையும் கிரவுண்ட குடுங்க.”

கையில் இருந்ததே போகப்போகிற நேரத்தில் இன்னொரு நாளும் கேட்கிறாரே என்று துரை சிரித்துவிட்டார். கன்றுகள் வேறு மலைக்குப் போயின. பிறகு கிண்ணமும் வந்தது. ஆனால் அப்பா வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் தோற்ற கதையைத்தான் சொல்வார்.

கடைசி நாட்களில், கூரையில் மழைச் சத்தம் கேட்டால் படுக்கையிலிருந்தே, “பசங்க எறங்கிட்டாங்களா?” என்று விசாரிப்பார்.

அடக்கத்தன்றும் மழை. அணித்தலைவர் வந்து, இன்று பயிற்சியை நிறுத்திவிட்டோம் என்று அம்மாவிடம் சொன்னார். அழுதுகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“எறங்குங்கப்பா. இல்லாட்டி அவரு ஏசுவாரு.”

அப்பாவின் பெட்டி மைதானத்தை அடைந்தபோது அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்படியே ஓடி வந்து, சேற்றுக் கையோடு பெட்டியைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். அன்று எனக்கு அழுகை வந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

அன்று கூடாரம் தந்துதவிய விகாரைப் பிக்கு ஹாமுதுருவுக்கும், தேத்தண்ணீர்ச் சாமான்களை மூட்டையாக அனுப்பிய கடைக்கார நானாவுக்கும், இரவு பகலாக எங்களோடு இருந்த லயத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்றைய மதிய உணவுக்கு அனைவரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். மழை பெய்தால் பந்தி சற்றுத் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பரிமாற வேண்டியவர்கள் மைதானத்தில் இருப்பார்கள்.

— மகள்