சிங்க முக நாற்காலி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பொய் என்று சொல்ல மாட்டேன். பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையை வைத்துத்தான் இப்போது பிழைக்கிறேன். திண்டுக்கல்லில் வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பழைய சாமான்களை ஏலம் விடுகிறோம். மலைமேல் இருக்கும் எஸ்டேட் பங்களாக்கள், தோல் வியாபாரத்தில் கொழித்த குடும்பங்களின் பெரிய வீடுகள், பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் என்று எங்கிருந்தாவது மொத்தமாக விலை பேசி வாங்கி வருவோம். அவர் பழுது பார்த்து பாலிஷ் போடுவார். நான் மேடையில் நின்று, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் மேசையைத் தட்டி ஏலம் கூறுவேன்.

இத்தனை வருடமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. லாரியிலிருந்து சாமான் இறங்கும்போது வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பெல்ஜியம் கண்ணாடி வந்தது. சுற்றியிருந்த சாக்கை விலக்கியதும் தெருவில் நின்ற வேப்பமரம் ஓர் இலை பாக்கியில்லாமல் அதற்குள் போய் நின்றது. ஓர் ஆணிகூட அடிக்காமல் பொருத்திய தேக்கு அலமாரி ஒன்று. கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிற காற்று மெதுவாக மூச்சு விட்டு வெளியே வரும், அவ்வளவு இறுக்கம். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பீங்கான் பொம்மை, குடை பிடித்த பெண். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் அந்தக் குடையின் உட்பக்கம் ஏழு பூக்கள் வரைந்திருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று குடைக்குள் போய் வரைந்தான் அந்த மனுஷன்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் பொம்மையைக் கையிலிருந்து பிடுங்கி, இதையெல்லாம் விற்கத்தான் வாங்கியிருக்கிறோம் என்று ஞாபகப்படுத்தினார்.

அந்த நாற்காலி சிறுமலையில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவிலிருந்து வந்தது. ஈட்டி மரம். கறுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாத நிறம். உட்கார்ந்தால் தலைக்கு மேலும் ஒரு முழம் நிற்கிற சாய்மானம், அதில் திராட்சைக் கொடி. குலை குலையாகப் பழம், ஒவ்வொரு பழமும் தனித்தனி உருண்டை. கைப்பிடி இரண்டும் சிங்க முகத்தில் போய் முடிந்தன. எத்தனை கைகள் பிடித்துப் பிடித்தோ, சிங்கத்தின் நெற்றி உள்ளங்கைக்குத் தோதாக வழவழவென்று தேய்ந்திருந்தது. அரை மணி நேரம் அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள்.

பிறகுதான் உட்காரும் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். அதற்குக் கீழே இன்னொரு பலகை, நடுவில் வட்டமாக ஒரு பெரிய ஓட்டை. அடியில் சட்டி வைக்கிற பெட்டி. விஷயம் புரிந்துவிட்டது. பங்களாவில் அறைக்குள்ளேயே கழிப்பறை இல்லாத காலத்தில், குளிரில் வெளியே போகாமல் இருக்க யாரோ ஒரு துரையம்மா படுக்கையறையில் போட்டு வைத்திருந்த மலநாற்காலி அது. சட்டி எப்போதோ காணாமல் போயிருந்தது. வயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன். சிரித்து முடித்துத் திராட்சைக் கொடியை மறுபடி பார்த்தபோது முன்பைவிட அதிகமாக மலைத்துப் போனேன். இந்த வேலைக்கா இப்படிச் செதுக்கினான்!

இருந்தாலும் வியாபாரம் வியாபாரம்தானே. உள்ளதை உள்ளபடி எழுதினால் எவன் வாங்குவான்? வீட்டுக்காரர் அரக்கு நிற வெல்வெட்டில் ஒரு மெத்தை தைத்து நான்கு மூலையிலும் கயிறு கட்டி, பலகையின் மேல் போட்டு மறைத்தார். நான் சாமான் பட்டியலில் 'ஜமீன் நாற்காலி, ஈட்டி மரம், சிங்க முகக் கைப்பிடி' என்று என் கைப்படவே எழுதினேன். இந்தப் பக்கம் ஜமீன்களுக்கா பஞ்சம், ஏதோ ஒரு ஜமீன். எனக்கு அதில் கொஞ்சம்கூட உறுத்தல் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஏலத்துக்கு முந்தின நாள் யார் வேண்டுமானாலும் வந்து சாமான்களைப் பார்க்கலாம். அன்று வந்தவர்களில் அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. நெய்க்காரப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. கண்ணாடியையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. நேராகச் சிங்க முக நாற்காலிக்குப் போனார். துண்டை எடுத்துக் கைப்பிடி இரண்டுக்கும் நடுவே பிடித்து அளந்தார். தரையிலிருந்து பலகை வரைக்கும் சாண் போட்டார். அப்புறம் உட்கார்ந்தார். இடது கையை மடியிலேயே போட்டுக்கொண்டு, வலது கையை மட்டும் சிங்கத்தின் தலையில் ஊன்றி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். இப்படியே நாலு தடவை.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பார்க்கத்தான் சொன்னோம், உட்கார்ந்து பழக இது என்ன பஸ் ஸ்டாண்டு பெஞ்சா என்று மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்தே கேட்டுவிட்டேன். அவர் பதறி எழுந்து துண்டால் கைப்பிடியைத் துடைத்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா, ஆட்டம் இல்லாம கெட்டியா இருக்குதான்னு பார்த்தேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அந்த நாற்காலியைப் பதினைந்தாயிரத்தில் ஆரம்பித்தேன். காரைக்குடியிலிருந்து வழக்கமாக வரும் பழைய சாமான் வியாபாரி ஒருவர் கொஞ்ச தூரம் கூட வந்து நின்றுகொண்டார். மீதி இரண்டே பேர். ஒன்று, கொடைக்கானலில் புதிதாகக் கட்டுகிற ஹோட்டலுக்குச் சாமான் வாங்க வந்த மேடம். ரிசப்ஷனில் போட்டு வைத்தால் வருகிறவர்கள் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது மேடைக்கே கேட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இன்னொருவர், அந்தத் தோப்புக்காரர். மேடம் கையைத் தூக்கினால் ஆயிரம் ஏறும். தோப்புக்காரர் எழுந்து நின்று ஐந்நூறு ஏற்றுவார். முப்பதைத் தாண்டியது, முப்பத்தைந்தைத் தாண்டியது. இந்த மனுஷனுக்கு என்ன பைத்தியமா, கௌரவத்துக்காகக் கேட்கிறாரா என்று எனக்குள் திட்டிக்கொண்டே கூறினேன். நாற்பதில் மேடம் கையைத் தூக்கியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"நாப்பதாயிரம், ஒரு தரம். நாப்பதாயிரம், ரெண்டு தரம்."

கொட்டாப்புளியைத் தூக்கிவிட்டேன். அப்போது அவரைப் பார்த்தேன். ஏலத்தில் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் முணுமுணுவென்று வைவார்கள். இவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நாற்காலியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்ன தோன்றியதோ, கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, டீ வந்திருக்கிறது, குடித்துவிட்டு வாருங்கள் என்று எல்லாரையும் எழுப்பிவிட்டேன். ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில் எந்த ஊரில் டீ கொடுக்கிறார்கள்? டீயும் வந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் என்னை முறைத்துக்கொண்டே கடைக்கு ஓடினார்.

தோப்புக்காரரைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டு, இருக்கிற காசையெல்லாம் ஒரு நாற்காலியில் கொண்டுபோய்க் கொட்ட அப்படி என்ன வந்தது என்று கேட்டேன். அதட்டித்தான் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மனைவிக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இடது கையும் காலும் வரவில்லை. அதுவரைக்கும் தோப்பில் காய் வெட்டுகிற ஆள் வைப்பதிலிருந்து காய் வியாபாரியிடம் விலை பேசுவது வரை அந்த அம்மாதான். வருகிறவர்கள் எல்லாம் அவர் எதிரில் நின்றுதான் பேசுவார்களாம். இப்போது மருந்துக் கடையில் வாங்கின ஓட்டை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அது ஆடுகிறது, இரண்டு தடவை ஆளோடு சாய்ந்துவிட்டது. அதன் பிறகு அதில் உட்காரும்போதெல்லாம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"தண்ணி குடிச்சாத்தானே போகோணும்னு வாயக் கட்டிக்கிட்டாளுங்க. காலைல ஒரு டம்ளரு, அவ்வளவுதான். கிட்னி போயிரும்னு டாக்டரு திட்றாரு. போனாப் போகட்டும்ங்கறா."

அதற்கு இந்த நாற்காலி எப்படி என்று வாயைத் திறந்தவள், பாதியில் நிறுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"லாரியில இருந்து கவுத்து எறக்கறப்பவே பார்த்துட்டனுங்கம்மா. தேங்கா லோடு எறக்க உங்க தெருப் பக்கம் வந்திருந்தேன். மெத்தைக்கு அடியில என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. சபையில மட்டும் சொல்லிப்போடாதீங்க. எங்க பக்கத்து ஆளுக நாலு பேரு உள்ள இருக்கறாங்க. வெளிய தெரிஞ்சுபோச்சுன்னா அவ அதுல உக்காரவே மாட்டா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரிலும் அந்த நாற்காலி என்ன, எதற்காகச் செய்தது என்று சரியாகத் தெரிந்த ஒரே ஆள் இவர். நான் பஸ் ஸ்டாண்டு பெஞ்சா என்று கேட்டேன். ஒரு கையை மடியில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து எழுந்து பார்த்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கேட்டவர் கேட்ட விலையைக் கூறுகிறவர் தள்ள முடியாது. மேடம் கேட்ட நாற்பது நிற்கிறது. அவரே பின்வாங்கினால்தான் உண்டு. ஓட்டையைச் சொன்னால் பின்வாங்கிவிடுவார், ஆனால் அதைச் சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியாது. டீயைக் குடித்துவிட்டு எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

மேடையேறி, பட்டியலில் ஒரு பொய் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்துக் குரல் அன்று பாதிதான் வந்தது. இது எந்த ஜமீனிலிருந்தும் வரவில்லை, விலை ஏறட்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டது, கேட்டவர்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்றேன். மண்டபம் கசகசவென்று ஆகிவிட்டது. அப்படியென்றால் மற்ற சாமான்களில் எத்தனை பொய் என்று ஒரு குரல் கேட்டது. கேட்கத்தானே செய்வார்கள். மேடம் மட்டும் நிதானமாக, அப்போது இது யாருடைய நாற்காலி, ஏதாவது கதை இருக்கிறதா என்று விசாரித்தார். ஏதோ ஒரு பங்களா அம்மா உட்கார்ந்தது, பெயர்கூடத் தெரியாது என்றேன். கதை இல்லாத நாற்காலியை வைத்துக்கொண்டு ஹோட்டலில் என்ன செய்வது என்று அவர் விலகிக்கொண்டார்.

காரைக்குடி வியாபாரி சும்மா இருக்கவில்லை. வேறு என்ன குறை இருக்கிறது பார்ப்போம் என்று எழுந்து வந்து நாற்காலியின் பக்கத்தில் குனிந்தார். மெத்தையின் கயிற்றில் கை வைத்துவிட்டார். தோப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

"கைய எடுங்க. பார்க்குற நாளு நேத்தே முடிஞ்சுபோச்சு. இப்ப ஏலம் நடக்குது."

எங்கிருந்து வந்ததோ, முழுக் குரலும் வந்துவிட்டது. வியாபாரி கையைச் சூடு பட்டது போல இழுத்துக்கொண்டார். முதலிலிருந்து பதினைந்தாயிரத்தில் ஆரம்பித்தேன். தோப்புக்காரர் எழுந்து ஐந்நூறு ஏற்றினார். வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி நான் அடித்த அடியில் மேசை மேல் இருந்த தண்ணீர்ப் பாட்டில் கீழே விழுந்தது.

அன்று அதற்குப் பிறகு ஒரு சாமானும் உருப்படியான விலைக்குப் போகவில்லை. குடைப் பொம்மையை முந்நூறுக்குக் கேட்டார்கள், கொடுக்க மனசில்லாமல் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். வண்டியில் வரும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. மறுநாள் அவர் நாற்காலியைப் பட்டறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெட்டிக்குள் எவர்சில்வர் சட்டி ஒன்று அச்சாகப் பொருந்துகிற மாதிரி சட்டம் அடித்தார். பலகையை ஒரு கையாலேயே பின்னால் தள்ளுகிற மாதிரி மாற்றினார். நான்கு காலுக்கும் வழுக்காத ரப்பர் வைத்தார். ஓட்டையின் விளிம்பை மூன்று தடவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

நாங்களே கொண்டுபோய் இறக்கினோம். அந்த அம்மா கட்டிலில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நல்ல உயரம், வாட்டசாட்டமான உடம்பு, நெற்றி நிறையப் பொட்டு. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நாங்கள் வந்ததற்குத் திரும்பக்கூட இல்லை. ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்ட சத்தத்துக்குத்தான் தலையைத் திருப்பினார். திராட்சைக் கொடியை மேலிருந்து கீழே வரை பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். யார் உட்கார்ந்தது இது என்று என்னைக் கேட்டார். ஒரு துரையம்மா என்றேன்.

"அவளுக்கும் காலு வரலீங்களா?"

தெரியவில்லையே என்றேன். ஆண்களை வெளியே போகச் சொன்னார். கட்டிலிலிருந்து நாற்காலி வரைக்கும் நான்தான் தாங்கிப் பிடித்தேன். கிட்டே போனதும் என் கையை உதறிவிட்டு, வலது கையைச் சிங்கத்தின் தலையில் ஊன்றித் தானாகவே உட்கார்ந்தார். நாற்காலி அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அந்தக் கையையே ஊன்றி எழுந்து பார்த்தார். காலை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்து, சாய்மானத்தில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மாடி, அந்த நாற்காலி செய்த நாளிலிருந்து அதில் யாரும் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அவர் வாசல் பக்கம் பார்த்து, "ஏனுங்க, தண்ணி கொண்டாங்க. டம்ளர்ல வேண்டாம், செம்போட கொண்டாங்க" என்றார்.

தோப்புக்காரர் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. மீதியை அந்த அம்மா வாயிலிருந்து எடுக்காமல் குடித்து முடித்து, இன்னொரு செம்பு கேட்டார்.