திங்கட்கிழமை விட்ட மாத்திரை

அந்த மாத்திரைக்கு டாக்டர் சொன்ன பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. மருந்துக் கடைக்காரர் "நீர் மாத்திரைங்களாம்மா?" என்று கேட்டுத்தான் எடுத்துத் தருவார். எங்கள் வீட்டிலும் அதற்கு அதுதான் பெயர். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. காலை எட்டு மணிக்கு அதைப் போட்டால் பன்னிரண்டு வரை நான் என் வசத்தில் இல்லை. அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் நின்றாலும், அது கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு கால்கள் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று ஓசூரில் ஒரு டாக்டர் இதை எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது, மூச்சும் சீரானது, அதை நான் மறுக்கவில்லை. கூடவே வந்தவற்றைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடித்து இழுக்கும். அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அது விடுகிறவரை அசையாமல் நிற்பேன்.

சொல்லாததற்குக் காரணம் என் கணவர். பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சில் "வேணா", "போ", "இரு" என்று மூன்று சொற்கள்தான் மிஞ்சின. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை நான்தான் தூக்குவேன். அவருடைய இடக்கை என் கழுத்தைச் சுற்றியிருக்கும். என் முழங்காலை அவர் முழங்காலோடு முட்டுக்கொடுத்து ஒரே எழுப்பு. அதற்கு ஒரு பழக்கம் வேண்டும், அது எனக்கு இருந்தது.

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவான். வரும்போதெல்லாம் ஒரே பேச்சு. "ஒரு ஆம்பள ஆள் வெச்சுக்கலாம்மா. காலைல வந்து அப்பாவ பாத்துக்கிட்டு மத்தியானம் போயிடுவாரு."

"என் ரெண்டு கையும் இருக்கற வரைக்கும் வேற எவனும் அவர தொடக் கூடாது" என்பேன் நான். அதில் பாதி அன்பு, பாதி வீம்பு. என் தலைசுற்றல் தெரிந்தால் அடுத்த நாளே ஆளோடு வந்து நிற்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள் நான். தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் இருபத்து மூன்று வருடம் லைனில் நின்றேன். லைன் நிற்காது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் நகரலாம். இருப்பது ஒரே ரிலீவர், கை தூக்குகிறவர்கள் பத்துப் பேர். அதனால் நாங்களே ஒரு வழி கண்டுகொண்டோம். ஷிப்டுக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை. கம்பெனி பஸ் ஏறும் முன் ஒரு வாய் காபி, அப்புறம் நாக்கை நனைக்க ஒரு மிடறு, அவ்வளவுதான்.

லைன் சொல்லிக்கொடுத்த இன்னொன்றும் உண்டு. இன்றைக்கு எண்ணிக்கை குறைந்தால் நாளைக்குச் சேர்த்து முடிக்க வேண்டும். விட்டது விட்டதுதான் என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவருக்குச் சக்கர நாற்காலி கேட்டு மனு கொடுக்க நான் திங்கட்கிழமைகளில் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன், அன்றுதான் மனு வாங்குவார்கள். நான் திரும்பும்வரை எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் அவரைப் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன், அடுத்த வாரம் மறுபடியும் போவேன். போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். வயிற்றில் அந்த மாத்திரையை வைத்துக்கொண்டு அதில் உட்கார முடியாது. அதனால் திங்கட்கிழமை மாத்திரை கிடையாது, செவ்வாய்க்கிழமை இரண்டு. நேற்றையதைச் சேர்த்து முடித்துவிட்டேன் என்று மனசுக்கு ஒரு நிறைவு வேறு. டாக்டர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். அரை லிட்டரோடு நிறுத்துகிறவள் அதைவிடக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவரும் அந்தச் சமயத்தில்தான் தண்ணீருக்கு வாய் திறக்க மறுத்தார். டம்ளரை உதட்டில் வைத்தால் பல்லைக் கிட்டிக்கொள்வார். கரண்டியில் ஊற்றினால் கடைவாயில் வழியவிட்டு "வேணா" என்பார். தொண்டையும் போய்விட்டது போலிருக்கிறது என்று பயந்தேன். பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். "எனக்கு இருக்கற வேலையில உங்க வீம்பு வேறயா?" என்று ஒருநாள் டம்ளரைத் தரையில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனேன்.

நாலாவது திங்கட்கிழமைக்கு மறுநாள் அது நடந்தது. காலையில் இரண்டு மாத்திரை போட்டிருந்தேன். பதினொரு மணிக்குள் எத்தனை முறை ஓடினேன் என்று தெரியாது. உடம்பு கழுவி ஊற்றியதுபோல் இருந்தது. அவர் கையைக் காட்டினார், கழிப்பறைக்குப் போக வேண்டும். வழக்கம்போல் கழுத்தைக் கொடுத்தேன், முழங்காலை முட்டுக்கொடுத்தேன், எழுப்பினேன். அவர் எழுந்தார், தரை என் காலிலிருந்து நழுவியது. இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தோம். என் இடக்கை அவருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவர் வாயிலிருந்து சொல் வரவில்லை, ஓலம்தான் வந்தது. அதைக் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து "அய்யோ, ஏனாயித்தம்மா! என்னம்மா ஆச்சு!" என்று அலறியது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் நான் பேசியதை அந்த அம்மாள்தான் பிறகு சொன்னார். "ரிலீவர் எங்க? கைய தூக்கி எவ்ளோ நேரமாச்சு, ரிலீவர் எங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேனாம்.

நல்லவேளை, இருவருக்கும் எலும்பு முறியவில்லை. என்னை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் அடிமட்டத்துக்குப் போயிருந்ததாம். புத்தி தடுமாறியதும் அதனால்தானாம். மகன் லீவு போட்டுவிட்டு அப்பாவோடு இருந்தான். தெளிந்த பிறகு டாக்டர் என்னிடம், மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார். திங்கட்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இது என்ன புரொடக்‌ஷனா? விட்டா விட்டதுதான், சேர்த்துப் போடக் கூடாது. வெளிய போற நாள்ல என்ன பண்றதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நேரத்தை மாத்திக் குடுத்திருப்பேனே."

மகன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை, அவன் திட்டவில்லை. "அப்பாவும் சரியாவே தண்ணி குடிக்கலம்மா. எங்கிட்டயும் வாய மூடிக்கறாரு" என்றான். அவரையும் கொண்டுவந்து காட்டினோம். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. தண்ணீர் போதாமல் சிறுநீரில் கிருமி சேர்ந்திருந்தது.

வீடு திரும்பிய அன்று மகன் சொன்னான். "நாளைக்கி ஆள் வர்றாரு. இந்தத் தடவ நான் உன்ன கேக்கல, சொல்றேன்." வாதாட எனக்குத் தெம்பும் இல்லை, முகமும் இல்லை.

வந்தவர் வேப்பனப்பள்ளிக்காரர். ஐம்பது வயதிருக்கும், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்துப் பழகியவர். நான் தரம் பார்க்கிற சூப்பர்வைசர் மாதிரி கதவோரத்தில் நின்றேன். ஏதாவது தப்பு செய்ய மாட்டாரா என்றுதான் காத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்து என் கணவரை அலுங்காமல் நாற்காலிக்கு மாற்றினார். பிறகு சொம்பை எடுத்தார்.

"ஐயா, கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்க மாட்டாரு, துப்பிடுவாரு" என்றேன் நான், கதவோரத்திலிருந்து.

சொல்லி முடிக்கவில்லை, அவர் குடிக்க ஆரம்பித்துவிட்டார். சொம்பை எடுத்துவிடக் கூடாது என்பதுபோல் அந்த மனிதரின் மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முழுச் சொம்பையும் குடித்தார். மூச்சு விட்டார். மறுபடியும் வாயைத் திறந்து காட்டினார். வந்தவர் இன்னும் அரைச் சொம்பு ஊற்றினார்.

அவர் சொம்பைக் கழுவப் போனதும் நான் என் கணவரின் அருகில் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "ஏங்க, அவர் குடுத்தா எறங்குது, நான் குடுத்தா எறங்காதா? நான் என்ன வெஷமா குடுத்தேன்?"

அவர் இடக்கையை நீட்டிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினார். அவரைப் படுக்கவைத்துவிட்டு நிமிரும்போது நான் பிடித்துக்கொள்ளும் இடம் அது. கண் இருட்டும்போதெல்லாம் என் கை பட்டுப் பட்டு அங்கே ஒரு முழத்துக்கு வெள்ளை கறுத்துப்போயிருந்தது. நான் அதை அதுவரை கவனித்ததே இல்லை. அவர் நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்திருக்கிறார்.

"பாவம்" என்றார். நான்கு வருடத்தில் நான் கேட்காத சொல். வாய் கோணி, எச்சில் வழிய, இன்னொரு முறையும் சொன்னார். "நீ... பாவம்."

குடித்தால் போக வேண்டும், போக வேண்டுமென்றால் நான் தூக்க வேண்டும். அதனால் அவர் குடிக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மகனைத் தூக்கவைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. வேறு யாரும் தொடக் கூடாது என்று நான் பிடித்த பிடிவாதத்துக்கு, அவர் எத்தனை நாள் தாகத்தோடு கிடந்தாரோ. தாகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாததா? அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் "இரு, இரு" என்றார்.

சமையலறையில் குழாய் நிற்கும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வந்தவர் சொம்போடு திரும்பி வந்தபோது அவரிடம் சொன்னேன்: "நாளைக்கி கொஞ்சம் சீக்கிரமாவே வந்துடுங்க. காலைல எழுந்ததும் அவருக்குத் தாகமா இருக்கும்."