குறட்டையையும் எழுதிய இயந்திரம்

நகர மன்றத்தில் பத்தொன்பது வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதியதில் அவளுக்குக் ‘குறிப்பக்கா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இரண்டரை மணி நேரச் சண்டையை ஒன்றரைப் பக்கத்தில் அடக்குவாள். யார் யாரைக் கழுதை என்றார், யார் நாற்காலியைத் தூக்கினார் என்பதெல்லாம் அவள் பேனாவுக்குள்ளேயே செரித்துவிடும்.

செயற்கை நுண்ணறிவே இனிக் குறிப்பெழுதும் என்று அறிவித்து, தலைவர் மேசைமேல் ஓர் இயந்திரத்தை வைத்துக் கைதட்டல் வாங்கினார். குறிப்பக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் நகரின் மறுகோடியில் வேலை. மன்றத்திலிருந்து வீடு இரண்டே தெரு. படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்கு மதியம் சாப்பாடு கொடுத்துவிட்டு வர அரை மணி போதும். மறுகோடியிலிருந்து அது நடக்காது.

இயந்திரம் நேர்மையானது, அதுதான் வம்பாகப் போயிற்று. பேசியதைப் பேசியபடி எழுதி, அன்றே ஊர் பார்க்க இணையத்தில் ஏற்றியது. எதிர்க்கட்சிக்காரர் தன் மேலிடத்தைப் பற்றி முணுமுணுத்ததும் ஏறியது. வரி விவாதத்தின் நடுவே, ‘தலைவர்: குறட்டை, நான்கு நிமிடம்’ என்பதும் ஏறியது.

அடுத்த கூட்டத்திலேயே மன்றத்தில் தொழிலாளர் பாசம் பொங்கி வழிந்தது. வாசலில், இப்படிப்பட்ட இயந்திரங்களால் வேறு இடங்களில் நிஜமாகவே வேலை போனவர்கள் கோரிக்கை அட்டை பிடித்து நின்றார்கள். உள்ளே இரு கட்சிகளும் முதல் தடவையாக ஒத்துப்போய், உழைப்பவன் வயிற்றிலடிக்கும் பேய் என்று இயந்திரத்தைத் திட்டித் தீர்த்தன. அதை அணைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்கள் என்பதால், குறிப்பெழுத அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

இயந்திரத்தை அகற்றத் தீர்மானம் நிறைவேறியது. தலைவர் அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“நடுவுல யாரோ குறட்டைய பத்திப் பேசினாங்களே, எழுதிட்டியாம்மா?”

“எனக்கு அப்படி எதுவும் காதுல விழல சார். என் மாற்றல்தான் இன்னும் ரத்தாகல.”

தலைவர் அவளிடமே பேனா வாங்கி, நின்ற நிலையிலேயே ரத்து செய்து கையெழுத்துப் போட்டார்.

அன்று மதியம் வீட்டுக்கு நடந்தபோது, சில வாரங்களாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போயிருந்தது. விஷயத்தைக் கேட்ட மாமனார் கும்பிடாத குறையாகச் சந்தோஷப்பட்டார். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்து முகம் வாடினார்.

“மிஷின் எழுதுனத படிச்சுத்தாம்மா எனக்குப் பொழுது போச்சு. இனி உன் குறிப்பத்தான் படிக்கணுமா? அதுல ஒண்ணுமே இருக்காதே.”

“அதுக்குத்தான் மாமா சம்பளம் தர்றாங்க,” என்றாள், சோற்றைப் பிசைந்தபடி.