இரண்டு பாட்டிலிலும் ஒரே சூடு

எண்பதுகளின் தொடக்கத்தில் படப்பைக்குப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். அங்கே என்னோடு வேலை பார்த்த அறிவியல் டீச்சர் என்னைவிட வயதில் சின்னவர். தண்டலத்திலிருந்து பஸ் மாறி வருவார்.

ஒரு வருடம் பள்ளியில் கண்காட்சி வைத்தோம். விறகும் டீசலும் எரியும்போது வரும் கரியமில வாயு காற்றில் சேரச் சேர, பூமியின் சூடு வெளியே போகாமல் தங்கிவிடும் என்பதை ஊராருக்குக் காட்டப்போவதாக அவர் சொன்னார். எங்களில் யாரும் அதுவரை அதைக் கேள்விப்பட்டதில்லை. இரண்டு கண்ணாடி பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தெர்மாமீட்டர். ஒன்றில் வெறும் காற்று, மற்றதில் சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் கலந்து உண்டாக்கிய கரியமில வாயு. முந்தின நாள் வெயிலில் வாயு பாட்டில்தான் அதிகம் சூடேறியது.

கண்காட்சியன்று வானம் மூடிக்கொண்டது. இரண்டிலும் பாதரசம் ஒரே கோட்டில் நின்றது. தலைமையாசிரியர் குனிந்து, "அந்த பாட்டில கொஞ்சம் கையில புடிச்சி சூடு பண்ணி வையுங்கம்மா. யாருக்குத் தெரியப்போவுது" என்றார்.

"வேணாம் சார்."

நானாக இருந்தால் செய்திருப்பேன்.

கூட்டத்தில் ஒரகடம் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் இருந்தார். "இன்னா டீச்சர், ரெண்டும் ஒண்ணாத்தான கீது?"

"ஆமாங்க. இன்னைக்கு வரல. வெயிலும் இல்ல, என் பாட்டிலும் சின்னது. பெரிய கருவி வெச்சுப் பாத்தவங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா இந்த பாட்டில் அத உங்களுக்குக் காட்டல."

சிலர் சிரித்தார்கள். சூளைக்காரர் சிரிக்கவில்லை. "என் சூளப் பொகையில அந்த வாயு கீதா?"

"அத காட்டலாம்." டீச்சர் ஒரு மெழுகுவர்த்தியைப் பாட்டிலுக்குள் எரியவிட்டார். அது அணைந்ததும் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினார். தண்ணீர் பால்போல வெளுத்தது. "அந்த வாயு இருந்தா தண்ணி இப்படி வெளுக்கும். விறகு எரிஞ்சாலும் இதேதான். நான் வர்ற பஸ்லயும் இதுதான் வருது."

சூளைக்காரர் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வராதத வரலன்னு சொன்னீங்க. அதனால இத நம்புறேன்."

அடுத்த சனிக்கிழமை எங்கள் இருவரையும் சூளைக்குக் கூப்பிட்டார். அங்கே ஈர விறகைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். காயவைத்துப் போட்டால் குறைந்த விறகே போதும், வாயுவும் குறையும் என்றார் டீச்சர். ஒரு மாதத்துக்குள் விறகுக்கு ஓலைக் கொட்டகை எழும்பியது.

பிறகு பஸ் நிறுத்தத்தில் சூளைக்காரர், "டீச்சரால என் சூளையில இப்ப அந்த வாயுவே இல்ல" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார்.

"அப்படிச் சொல்லாதீங்க. இன்னும் வருது. கொஞ்சம் கொறஞ்சிருக்கு, அவ்ளோதான்" என்றார் டீச்சர், அவருடைய முகம் வாடாதபடி மெதுவாக. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.