எங்கள் ஒழுங்கையில் வாசிக்காத பெயர்

திருகோணமலைக்கு வந்த முதற் கிழமையே எங்கள் ஒழுங்கையில் ஒரு சாவு விழுந்தது. காலையில் ஓட்டோ ஒன்று தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வந்தது. இறந்தவரின் பெயர், அவர் இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, தகனம் இத்தனை மணிக்கு என்று ஓர் ஆண்குரல் இழுத்து இழுத்து வாசித்தது. நாங்கள் முன்பு இருந்த கொழும்பில், பக்கத்து வீட்டில் யார் செத்தாலும் சவப்பெட்டி வந்து இறங்கினால்தான் தெரியும். என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு கேற்றடியில் நின்று கடைசிவரை கேட்டார். அவர் சிங்களவர். தமிழ் நன்றாகக் கதைப்பார், ஆனால் அந்த அறிவித்தல் தமிழ் அவருக்குப் பிடிபடவில்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன்.

"அப்ப நான் செத்தா என்ர பேரையும் இப்பிடி வாசிப்பாங்களா?"

"உங்கட பேரை வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஓட்டோவில பெற்றோல் முடிஞ்சிடும்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய முழுப்பெயர் அவ்வளவு நீளம். வம்சப் பெயர், அதற்குப் பின்னால் இரண்டு பெயர், கடைசியில் தகப்பன் வழிப் பெயர். அதற்குப் பிறகு எப்போது அந்த ஓட்டோ வந்தாலும், குசினிக்குள் வந்து நின்று அதே குரலில் தன் பெயரை முழுதாக வாசிப்பார். "வெருகலைச் சேர்ந்த எங்கட நோனாவின் அன்புக் கணவர்" என்று முடிப்பார். நோனா என்றால் சிங்களத்தில் வீட்டுக்காரி. "வாயில நல்ல வார்த்தை வராதோ உங்களுக்கு?" என்று அகப்பையை ஓங்குவேன். அவருக்கு அது விளையாட்டு.

நான் வெருகல் பக்கம். சண்டைக் காலத்தில் கொழும்புக்குப் போய் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தபோதுதான் அவரைக் கண்டேன். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை அவருக்கு. கலியாணம் கட்டியதும் என் வீட்டில் என்னைத் தலை முழுகிவிட்டார்கள். அவர் வீட்டில் என்னைத் திட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. பிள்ளைகளும் எங்களுக்கு இல்லை. கொழும்பில் பஸ்ஸில் தொலைபேசி அடித்தால் என் தமிழ் மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கதைப்பேன், சில நாள் எடுக்கவே மாட்டேன். அதனால் அவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மாற்றம் வந்தபோது நான்தான் கூடச் சந்தோசப்பட்டேன். தமிழ் ஊர், என் ஊருக்குப் பக்கத்து ஊர், இனித் தொண்டையைத் திறந்து கதைக்கலாம் என்று நினைத்தேன். விசரி.

துறைமுக மதிலுக்குப் பின்னால் வீடு எடுத்தோம். வந்தவுடன் எல்லோரும் அன்பாகத்தான் வந்தார்கள். "எந்தப் பக்கம் நீங்கள்?" என்பார்கள். வெருகல் என்றால் முகம் மலரும். "அவர்?" என்பார்கள். நான் மறைக்கவில்லை, ஏன் மறைக்க வேண்டும்? சொன்னதும் ஒரு "ஓ" வரும். அந்த "ஓ"வோடு கதை முடிந்துவிடும். ஒருத்தரும் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மீன் வாங்குமிடத்தில் சிரிப்பார்கள். படலையைத் தாண்டி உள்ளே வரமாட்டார்கள்.

உள்ளே வந்தது ஒரே ஒருத்தி. பக்கத்து வீட்டு ராத்தா. மூதூரிலிருந்து கலியாணம் கட்டி வந்து, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்த முஸ்லிம் மனுசி. நானும் தையல்காரிதானே, ஊசி நூலில் தொடங்கிய சிநேகிதம்.

இரண்டாம் வருஷம் அவருக்குச் சிறுநீரகம் பழுது என்று சொன்னார்கள். கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவோம். அப்படி வந்த ஒரு பின்னேரம் விறாந்தைக் கதிரையில் சாய்ந்தபடி, சிரிக்காமல் சொன்னார்.

"நான் போனா, என்னை ஊருக்குக் கொண்டு போக விடாத. அங்க எரிச்சா பிறகு நீ தனிய இங்க கிடப்பாய். இங்கயே எரி. இந்தக் கடல் பக்கம். உனக்கும் அந்த இடம்தான்."

"பேய்க்கதை கதைக்காதேங்கோ" என்றேன். ஆனால் அன்றைக்கே எனக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. பந்தல் யார் போடுவது? பெட்டி யார் தூக்குவது? இந்த ஊரில் அதற்கெல்லாம் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதாமாதம் சந்தா கட்டினால், சாவன்று கதிரையும் பந்தலும் பறைமேளமும் அறிவித்தல் ஓட்டோவும் தூக்குவதற்கு ஆளும் தானாக வரும். எங்கள் ஒழுங்கையில் தமிழ் ஆட்களுக்கு ஒன்று. கடைத்தெருப் பக்கம் சிங்கள ஆட்களுக்கு ஒன்று. முஸ்லிம் ஆட்களுக்குப் பள்ளிவாசல் எல்லாம் பார்த்துக்கொள்ளும்.

முதலில் சிங்களச் சங்கத்துக்குப் போனோம். அவரைக் கதிரையில் இருத்தி, "மாத்தயா தாராளமாகச் சேரலாம்" என்றார்கள். அங்கே அங்கத்தவரின் மனைவிக்கும் அவள் தாய் தகப்பனுக்கும்கூடச் செய்வார்கள். என்னைப் பார்த்ததும் தலைவர் தாடையைச் சொறிந்தார். நோனாவின் ஆட்கள் வேறு முறையல்லவா, அந்த ஒழுங்கைக்குள் எங்கள் பெடியள் வந்து கொடி கட்டுவது சரிவருமா, இப்போதைக்கு மாத்தயாவை மட்டும் பதிவோம் என்றார். என் மனுசன் எழும்பிவிட்டார். "அவ இல்லாத சங்கம் எனக்கு எதுக்கு?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு வெளியே நடந்தார். வழியெல்லாம் நான் ஏசினேன். ரோசம் சோறு போடுமா, பெட்டி தூக்குமா? "மூடு வாயை" என்றார். அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்திருந்தார்.

பிறகு எங்கள் ஒழுங்கைச் சங்கம். செயலாளர் தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறிய மனிதர், அதிர்ந்து கதைக்காதவர். கூட்டத்தில் வைத்துச் சொல்லுகிறேன் என்றார். கூட்டம் போனது, மாதம் போனது. நல்லதுக்குக் கூப்பிட்டால் போகவேணும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகவேணும் என்பார்கள். நான் போனேன். ஒழுங்கையில் எந்தச் செத்த வீட்டையும் விடவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன், கோப்பை கழுவினேன், இந்த ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்கள் வாசலில் கட்டிய வாழையைக் கடிக்க வந்தால் தடியோடு கலைத்தேன். என் உழைப்பைக் கண்டாவது ஓம் என்று சொல்லமாட்டார்களா என்ற நப்பாசைதான். எல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

ஒருநாள் செயலாளரை அவர் வீட்டு வாசலிலேயே மறித்துக் கேட்டேன்.

"பிள்ளை, நான் உள்ளதைச் சொல்லுறன்" என்றார். "எங்கட சங்கத்தில ஆமியிட்டப் பிள்ளையைப் பறிகுடுத்த தாய்மார் இருக்கினம். இண்டைக்கும் படத்தோட அலையுதுகள். அந்தச் சனத்தின்ர காசில ஒரு சிங்கள ஆளுக்கு எப்பிடிப் பந்தல் போடுறது?"

"என்ர அண்ணனும் அப்பிடிப் போனவன்தான்" என்றேன். "என்ர அம்மாவும் படத்தோட அலைஞ்சுதான் செத்தவ. என்ர மனுசனா அவனைக் கொண்டுபோனது?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அதாலதானே பிள்ளை, உங்களை நாங்கள் ஒண்டும் சொல்லேல்ல."

கண்டபடி ஏசிவிட்டு வந்தேன். வீட்டில் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அதற்குப் பிறகு அறிவித்தல் ஓட்டோ வந்தால் குசினிப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

போன மார்கழியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், முகம் கழுவப் போனவர் கிணற்றுக்கட்டில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பும்போது அவரைப் பெட்டியில்தான் கொண்டுவந்தோம். அவருடைய தம்பிமாருக்கு நான்தான் அறிவித்தேன். அவர்களின் ஊரான குருநாகல் பக்கத்திலிருந்து வரக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் எல்லாம் ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்று ஓடினேன்.

செயலாளர் கைகளைப் பிசைந்தார். "அங்கத்தவர் இல்லையே பிள்ளை. விதி விதிதானே." அழுகிற மாதிரித்தான் முகம் இருந்தது, ஆனால் படலையைத் திறக்கவில்லை. நேரே ஓட்டோக்காரனிடம் போனேன். காசு தருகிறேன், பெயரை மட்டும் வாசி, இந்த ஒழுங்கையில் ஒருதரம் போய் வந்தால் போதும் என்றேன். "சங்கத்திட்ட ஒரு சொல்லுக் கேட்டுக்கொண்டு வாங்கோ அக்கா" என்றான். அந்த இடத்தில்தான் நான் வாய்விட்டு அழுதேன், றோட்டில், சனம் பார்க்க.

வீட்டுக்கு வந்தால் ராத்தா தன் வீட்டுக் கதிரைகளை எல்லாம் என் முற்றத்தில் போட்டிருந்தாள். சோறும் பருப்பும் ஆக்கி மூடி வைத்திருந்தாள். அவளுடைய இரண்டு மகன்மாரும் நின்றார்கள். "புள்ள, மையத்துத் தூக்குற எங்கட பள்ளிச் சந்தூக்கில ஒன்ர மனுசன ஏத்த ஏலாது" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா தூக்க என்ர புள்ளயள் இருக்கானுகள்." இரண்டு பேர். இழுவைப் படகில் வேலை செய்கிற ஆட்கள் அன்றைக்குக் கப்பல் ஒன்றைக் கரைக்குக் கொண்டுவர வெளிக்கடலில் நின்றார்கள், பொழுது படத்தான் வருவார்கள். முற்றத்தில் ஐந்தாறு கதிரைகள். வழமைபோல ஒரு மான் வந்து கேற்றடியை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குத் தின்ன ஒன்றும் கட்டியிருக்கவில்லை.

தம்பிமார் மத்தியானம் வான் வண்டி ஒன்றில் வந்து இறங்கினார்கள். பெட்டியைப் பார்த்து அழுதார்கள். பிறகு மூத்த தம்பி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். ஒழுங்கையில் பாதி திறந்த படலைகளையும் அதற்குப் பின்னால் நின்று பார்க்கும் முகங்களையும் பார்த்தான். என்னிடம் மரியாதையாகத்தான் சிங்களத்தில் கேட்டான்.

"அண்ணனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?"

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தூக்குவது யார் என்று கேட்பான். என் மனுசன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். அதை நிறைவேற்ற எனக்கு நாலு பேர் இல்லாமல் போனார்கள். கொண்டுபோங்கள் என்று தலையை ஆட்டினேன். பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள், நானும் ஏறினேன்.

அவர்களின் ஊர்ச் சந்தியிலிருந்து வீடுவரை வெள்ளைக்கொடி பறந்தது. பந்தல், நிரை நிரையாகக் கதிரை, அவர் படம் போட்ட பெரிய பதாகை. எல்லாம் அந்த ஊர்ச் சங்கம். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். எனக்கு வெள்ளைச் சேலை தந்தார்கள், முன் வரிசையில் இருத்தினார்கள். ஒலிபெருக்கியில் அவர் பெயரை முழுதாக, ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்கள். அதற்குப் பின்னால் தாய் பெயர், தகப்பன் பெயர், சகோதரர் பெயர்கள் வந்தன. என் பெயர் வரவில்லை. மறந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் தனியே எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். முப்பத்தோராம் நாள் கழிந்து சில நாளில் செயலாளர் வந்தார். முதன்முதலாகப் படலையைத் தாண்டி உள்ளே வந்து, என் மனுசன் சாய்ந்திருக்கும் அந்தக் கதிரையிலேயே இருந்தார்.

"கூட்டத்தில கதைச்சனாங்கள் பிள்ளை. உங்களைச் சேர்க்கிறதெண்டு முடிவாப் போச்சு. இனி ஒரு சிக்கலும் இல்லைத்தானே."

"என்ன சிக்கல் இல்லை?" என்றேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"நீங்கள் தனிய... எங்கட ஆள்தானே."

அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. ஆனால் நானும் ஒருநாள் பெட்டியில் கிடக்கத்தான் வேண்டும். ராத்தாவின் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் என்னைத் தூக்க முடியுமா? தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே இருந்தேன்.

"சேருறன். ஒண்டே ஒண்டு. நான் செத்தா உங்கட ஓட்டோவில வாசிப்பியள்தானே, இன்னாரின் அன்பு மனைவி எண்டு? அந்த இடத்தில என்ர மனுசன்ர பேரை முழுசா வாசிக்கவேணும். இந்த ஒழுங்கை முழுக்க. நான் சொல்லித் தாறன், எழுதுங்கோ."

சொன்னேன். வம்சப் பெயர், இரண்டு பெயர், தகப்பன் வழிப் பெயர். அவர் எழுதவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார்.

"கூட்டத்தில கேட்டுப்போட்டுச் சொல்லுறன், பிள்ளை."

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டம் நடந்துவிட்டது. அவர் இன்னும் வந்து சொல்லவில்லை. என் கேற்றடி வரும்போது சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதிக்கிறார்.