பிளக்கைக் கையில் வைத்திருந்தவர்

பிள்ளைகளா, மூக்கண்டப்பள்ளி வீட்டில் ஒருநாள் வாஷிங் மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறவில்லை. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நானே கழற்ற உட்கார்ந்தேன். ஸ்பானர் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், கம்பெனியில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மிஷினை ஓட்டுபவர், பிளக்கைப் பிடுங்கித் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர்.

“கீழ போடுங்கண்ணா. இது என்ன, கடிச்சிருமா?” என்று சிரித்தேன்.

“யாராச்சும் தெரியாம சொருகிருவாங்க. எங்க ஷிப்ட்ல ஒருத்தன் மிஷினுக்குள்ள கைய விட்டிருந்தப்ப சுவிட்சப் போட்டுட்டாங்க.”

“யாருண்ணா போட்டது?”

அவர் பிளக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நீங்க வேலையப் பாருங்க,” என்றார்.

பம்பில் சிக்கியிருந்த ஹேர்பின்னை எடுத்துவிட்டு மூடினேன். பிளக்குக்காகக் கை நீட்டினேன்.

“ரெண்டு கையும் காட்டுங்க,” என்றார்.

என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கொடுத்தார். அவர் கை சில்லென்றிருந்தது. சுவிட்சைப் போட்டது யாரென்று நான் மறுபடி கேட்கவே இல்லை.