இரண்டாவது திறப்பு

என் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் பேணி இருக்கிறது. மூடி துருப்பிடித்து இறுகிப் போனதால், கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினால்தான் திறபடும். உள்ளே பழைய வண்டிச் சாவிகள்; எங்கள் பேச்சில் திறப்புகள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். அதில் பேனையால் பெயரெழுதி, எழுத்தின் மேலேயே நூல் ஓட்டித் தைத்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அந்த எழுத்துத்தான் பெரிய எழுத்து.

கணவர் இறந்த பிறகு, கல்முனை வீதியில் வாகனம் விற்கும் கடை ஒன்றில் கூட்டித் துடைத்துத் தேநீர் ஊற்றப் போனேன். கொழும்புக் கம்பனி ஒன்றின் கார்களையும் சின்ன லொறிகளையும் இந்தப் பக்கத்தில் விற்பதற்கு முதலாளிதான் ஏஜென்ட். காத்தான்குடிக்காரர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆட்களைக் கண்டால் நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பேன். “தங்கச்சி, தேத்தண்ணிய கதவா கொண்டு வரும்?” என்று கேட்டுச் சிரிப்பார். அவரிடம் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். வெள்ளை நிறம் கேட்டு வந்தவர்களின் தலையில், விலைபோகாமல் நின்ற சிவப்பைக் கட்டிவிடுவார். “சிவப்பெண்டா மாடு கூட தூரத்துலயே கண்டு விலகிரும் தம்பி” என்பார். வாங்கியவரும் அதை நம்பிக்கொண்டு போவார்.

வண்டிக்கு இரண்டு திறப்பு வரும். இரண்டையும் உரியவரிடமே கொடுப்பதுதான் வழக்கம். எங்கள் கடையில் மட்டும் அது மாறிப்போனது. வவுணதீவுப் பக்கத்து விவசாயி ஒருவர் இரண்டாவது திறப்பை மேசையில் வைத்துவிட்டு, “எங்கட வீட்டுல ஒண்டும் நிக்காது முதலாளி. ஒண்டு வெள்ளம் வரும், இல்லாட்டி ஓட வேண்டி வரும். இது உங்களிட்டக் கிடக்கட்டும்” என்று சொல்லிப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். அந்தப் பேணி நிறைந்தது அப்படித்தான். எது யாருடையது என்று எழுதி வைக்கும் வேலை என்னிடம் வந்தது. ஊரில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே எழுதினேன். ‘ரெட்டைப்பிள்ளைக்காரி’, ‘குருக்கள்மடம் சோடாக்காரர்’, ‘காது கேளாத வாத்தியார்’.

ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருந்த நேரம் கம்பனியிலிருந்து ஒரு அதிகாரி கடையைப் பார்வையிட வந்தார். பேணியைத் திறந்து பார்த்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. “இதென்ன பெயர்கள்? வண்டி நம்பர் எங்கே? நாளைக்கு ஒரு வண்டி களவு போனால் கம்பனியல்லவா பதில் சொல்ல வேண்டும்? முதலாளி வரும் வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது.” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் தலையாட்டிவிட்டுக் கதவடிக்குப் போய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து ரெட்டைப்பிள்ளைக்காரி ஓடி வந்தா. வவுணதீவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தா. காலெல்லாம் சேறு. “தங்கச்சி, லொறித் திறப்பு வயல் வட்டைக்குள்ள விழுந்து காணாமப் போயித்துகா. அறுத்த நெல்லெல்லாம் மூட்டையா வயலுக்குள்ள கிடக்கு. மழ கட்டிக்கிட்டு நிக்கி. கெதியா மத்தத எடுத்துத் தாகா!” அந்தப் போக நெல்லைவிட்டால் அந்த வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. அது எனக்குத் தெரியும். அதிகாரி, “அடையாள அட்டை இருக்கிறதா? லொறி நம்பர் என்ன?” என்று கேட்டார். அவ திகைத்துப்போய் என்னைப் பார்த்தா.

கதவடியை விட்டு மேசைக்குப் போய்ப் பேணிக்குள் கையை விட்டேன். “உன் வேலை போய்விடும்” என்றார் அவர். “நம்பர் தெரியா சேர். ஆளத் தெரியும்” என்று சொல்லித் திறப்பை எடுத்து அவவின் கையில் வைத்தேன். ஒரு வெளியாளிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

முதலாளி தொப்பியோடு வந்து சேர்ந்ததும் அதிகாரி எல்லாவற்றையும் கொட்டினார். பொறுமையாகக் கேட்டார் முதலாளி. “சேர், நீங்க நல்ல லொறி செய்றீங்க, அதுல பிழ இல்ல. ஆனா அது எந்த வட்டைக்குள்ள நிக்கிதெண்டு இந்தத் தங்கச்சிக்குத்தானே தெரியும்?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சேருக்கு ஒரு பிளேன்டீ போடுங்க. சீனியக் கூடப் போடுங்க, கோவமா இரிக்காரு” என்றார். அன்று பின்னேரம் மழை கொட்டியது. பத்து நாள் கழித்து வவுணதீவிலிருந்து, சேற்றுக்குள் தேடியெடுத்த திறப்பும் ஒரு சாக்குப் பச்சரிசியும் வந்தன. திறப்பு பேணிக்குள் போனது. அரிசியில் பாதியை முதலாளி எனக்கு அளந்து தந்தார்.

சில வருடங்களுக்குப் பிறகு, ஏஜென்டுகள் வேண்டாம், நாங்களே விற்கிறோம் என்று கம்பனி கடிதம் அனுப்பியது. அந்தப் பேணிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். முதலாளி மோட்டார் சைக்கிளில் ஏறி ஊரூராகப் போய்த் திறப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். சிலர் வாங்கவில்லை. “கடதானே பூட்டிருக்கு, நீங்க இரிக்கீங்கதானே முதலாளி?” என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவருடைய மனைவி பேணியை என்னிடம் கொடுத்தா.

என் மகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். போன வருடம் பற்றரியில் ஓடும் வேன் ஒன்றைக் கம்பனியிடமே நேராகப் போனில் பார்த்து வாங்கினாள். “செய்றவன் விக்கிறான், ஓடுறவள் வாங்கிறாள். நடுவுல ஒராள் எதுக்கம்மா?” என்று கேட்டாள். நடுவில் நின்று மாதக்கணக்கில் காக்க வைத்தவர்களையும், ஏமாற்றியவர்களையும் நானும் கண்டிருக்கிறேன். கம்பனி நேராக விற்கட்டும், அதைத் தடுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வண்டி நின்றால் யாருடைய வாசலில் போய் நிற்பது? அதை மட்டும் யாராவது எனக்குச் சொல்லவேண்டும். இரண்டு பேர் வந்து வேனை இறக்கினார்கள், போனில் விரலால் கையெழுத்து வாங்கினார்கள், போய்விட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். தேநீர் குடிக்கக்கூட நேரமில்லை.

போன கிழமை வேன் அமிர்தகழியில், பிள்ளைகளோடு வெயிலில் நின்றுவிட்டது. கம்பனி நம்பருக்கு மகள் ஐந்து தடவை எடுத்தாளாம். ஐந்து தடவையும் வேறு வேறு குரல், ஐந்தும் வேன் நம்பரைக் கேட்டதாம். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, கறுப்புப் பொத்தான் போலிருந்த இரண்டாவது திறப்பை என் மடியில் போட்டாள். “இது உங்கட பேணிக்குள்ள கிடக்கட்டும்மா.” அது வேனைத் திருத்தாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிள்ளைகள் அவளை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே, ‘வேன் மாமி’ என்று துணியில் எழுதித் தைத்தேன். கண் மங்கி ஊசி இரண்டு தரம் குத்தியது. ரெட்டைப்பிள்ளைக்காரியின் திறப்புக்குப் பக்கத்தில் அதை வைத்து மூடியை அமர்த்தினேன். வேனின் நம்பர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.